வலிப்பு நின்று ஆண்டுகள் ஆனபின் மாத்திரையை நிறுத்தலாமா?

வலிப்பு நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வரை, சரியான நோயறிதலும் மருந்தும் கிடைத்தால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படி வலிப்பு நின்று இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் ஆனதும், வராத நோய்க்கு எதற்காக இன்னும் மாத்திரை என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. நியாயமான கேள்விதான், ஆனால் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில் அதற்கு இல்லை. மருத்துவரிடம் உட்கார்ந்து இதைப் பேசுவதற்கு முன் எவற்றையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: யாரையும் கேட்காமல் தாமாகவே, அதுவும் ஒரே நாளில், மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மருந்து வலிப்பை நிறுத்துகிறது, நோயை அல்ல

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகள் மூலம் இயங்குகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கும்போது வலிப்பு உண்டாகிறது. ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற மருந்துகள் நரம்பணுக்கள் அடுத்தடுத்து வேகமாகத் துடிப்பதைத் தடுக்கின்றன. ஃபீனோபார்பிட்டால், க்ளோபசாம் போன்றவை மூளையின் இயல்பான அடக்கும் ஆற்றலைக் கூட்டுகின்றன. வழி எதுவாக இருந்தாலும், இவை செய்வது வலிப்பு தோன்றுவதைக் கடினமாக்குவதுதான். வலிப்பு வருவதற்கான அடிப்படை இயல்பை இவை மூளையிலிருந்து அகற்றிவிடுவதாகச் சான்று இல்லை. அந்த இயல்பு சிலருக்கு வயது ஏற ஏறத் தானே மறைகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கிறது.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். வலிப்பு வரவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கரையை உயர்த்திக் கட்டியதால் ஆற்று நீர் வயலுக்குள் வராமல் இருக்கலாம், அல்லது ஆற்றில் நீர்வரத்தே நின்றுபோயிருக்கலாம்; வயலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நோய் அடங்கிவிட்டதா, மருந்து அதை அடக்கி வைத்திருக்கிறதா என்பதை உறுதியாகக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. மருந்தை நிறுத்திப் பார்ப்பது ஒன்றே அதற்கான சோதனை. அந்தச் சோதனையின் விலை ஒரு வலிப்பாக இருக்கலாம் என்பதுதான் முடிவைக் கடினமாக்குகிறது.

முதலில் உறுதி செய்ய வேண்டியவை

எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணுவதற்கு முன், உண்மையிலேயே வலிப்பு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். கை கால் இழுத்து, நினைவிழந்து விழுவதை மட்டுமே வலிப்பு என்று நினைக்கும் குடும்பங்களில், சில நொடிகள் பேச்சு நின்று வெறித்துப் பார்ப்பதும், காரணமின்றி அடிவயிற்றிலிருந்து ஏதோ எழுவதுபோன்ற உணர்வு திடீரென வந்து போவதும், காலையில் எழுந்த சற்று நேரத்தில் கை வெடுக்கென்று உதறிக் கையிலிருப்பது கீழே விழுவதும் கணக்கில் வருவதே இல்லை. இவையும் வலிப்பின் வடிவங்களாக இருக்கலாம். உறக்கத்தில் வருபவை நோயாளிக்கே தெரியாமல் போகலாம். நாக்கு கடிபட்டிருப்பது, படுக்கை நனைந்திருப்பது, உடம்பெல்லாம் வலியோடு எழுவது ஆகியவற்றை உடனிருப்பவர்கள் கவனித்துச் சொல்ல வேண்டும். இப்படி ஏதேனும் தொடர்ந்துகொண்டிருந்தால் நிறுத்துவது பற்றிய பேச்சே எழாது.

இரண்டாவதாக, மருந்து எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் திரும்பிப் பார்ப்பது நல்லது. தலையில் அடிபட்ட முதல் சில நாட்களிலோ, கடும் நோயின்போது இரத்தத்தில் சோடியம் குறைந்தபோதோ வந்த ஒரே ஒரு வலிப்புக்காகத் தொடங்கிய மாத்திரையை, நிறுத்தச் சொல்ல யாருமில்லாததால் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருபவர்கள் உண்டு. மயக்கத்தையோ மனஅழுத்தம் சார்ந்த துடிப்புகளையோ வலிப்பு என்று எண்ணி மருந்து கொடுத்திருக்கவும் கூடும். இவர்களைப் பற்றிய கணக்கு, உறுதியான வலிப்பு நோய் உள்ளவர்களின் கணக்கிலிருந்து வேறுபட்டது. பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து எடுத்துச் செல்வதன் பயன் இங்கே தெரியும்.

இரண்டு ஆண்டுகள் என்ற கணக்கு

வலிப்பு இல்லாமல் இரண்டு ஆண்டுகள் கடந்தால் மருந்தை நிறுத்துவது பற்றிச் சிந்திக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். அமெரிக்க நரம்பியல் கழகம் 2021-இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பும், பெரியவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், குழந்தைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் என்ற அளவிலேயே பேசுகிறது. இது பேச்சைத் தொடங்குவதற்கான நாள் மட்டுமே; மருந்தை நிறுத்த வேண்டிய நாள் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. வலிப்பில்லாத காலம் நீள நீள மீண்டும் வரும் வாய்ப்பு பொதுவாகக் குறைகிறது என்றாலும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வரவே வராது என்று கோடு போட்டுச் சொல்லக்கூடிய எல்லை எதுவும் இல்லை.

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தி 1991-இல் லான்செட் இதழில் வெளியானது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றி இருந்த 1013 பேர், மருந்தைத் தொடர்பவர்கள், மெல்லக் குறைத்து நிறுத்துபவர்கள் என்று குலுக்கல் முறையில் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்தவர்களில் 78 விழுக்காட்டினரும் நிறுத்தியவர்களில் 59 விழுக்காட்டினரும் வலிப்பின்றி இருந்தனர்.

இந்த இரண்டு எண்களையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்; ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதால்தான் தேவையற்ற அச்சமும் தேவையற்ற துணிச்சலும் வருகின்றன. நிறுத்திய நூறு பேரில் 41 பேருக்கு வலிப்பு திரும்பியது என்று கேட்டால் அச்சம் வருகிறது. ஆனால் நிறுத்தாமல் தொடர்ந்த நூறு பேரிலும் 22 பேருக்கு வலிப்பு வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதே முழுப் பாதுகாப்பு அன்று. ஆகவே நிறுத்தியதன் விளைவாகக் கூடுதலாக வந்தது என்று சொல்லத்தக்கது இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அதாவது நூற்றுக்கு 19 பேர். மறுபுறம் பார்த்தால், நிறுத்திய நூறு பேரில் 59 பேர் அந்த இரண்டு ஆண்டுகளை மாத்திரையும் இல்லாமல், வலிப்பும் இல்லாமல் கடந்தார்கள். மருந்தைத் தொடர்ந்திருந்தால் தமக்கு அது தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரியவே வந்திருக்காது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு குறைந்துகொண்டே வந்தது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்துவதால் வரும் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் குவிந்திருக்கிறது.

இன்னொரு தொகுப்பு ஆய்வு 2017-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. மருந்தை நிறுத்திய 1769 பேரின் விவரங்களைப் பத்து ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்ததில், நீண்ட கால அளவில் 46 விழுக்காட்டினருக்கு ஒருமுறையாவது வலிப்பு திரும்பியிருந்தது. ஆனால் கண்காணிப்பின் கடைசி ஆண்டிலும் வலிப்பு இருந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. வலிப்பு திரும்பிய பலருக்கும் அது மறுபடி கட்டுக்குள் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

சராசரிக்குள் நீங்கள் எங்கே?

மேலே சொன்ன எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. தனி ஒருவரின் நிலை அந்தச் சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கலாம், அந்த விலகலை முதலில் தீர்மானிப்பது வலிப்பு நோயின் வகை. குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் உறக்கத்தின்போது வந்து, முகத்தின் ஒருபக்கம் இழுக்கும் ஒருவகை வலிப்பு, பதின்பருவம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் தானே நின்றுவிடுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் பெரிதாகத் தயங்க மாட்டார். அதற்கு நேர்மாறாக, பதின்பருவத்தில் தொடங்கி, காலை நேரத்தில் கைகள் வெடுக்கென்று உதறுவதை அடையாளமாகக் கொண்ட இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு, குறைந்த அளவு மாத்திரைக்கே நன்றாக அடங்கும். ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் திரும்பி வந்துவிடும். பத்து ஆண்டுகள் அமைதியாக இருந்தபின் நிறுத்தியவர்களுக்கும் அது திரும்பியிருக்கிறது. எனவே தமக்கு இருப்பது எந்த வகை என்று தெரியாதவர், மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பேன்.

மற்றக் காரணிகளும் உண்டு. கட்டுக்குள் வருவதற்கு முன் நோய் நெடுங்காலம் நீடித்திருந்தாலோ, வலிப்புகளின் எண்ணிக்கை மிகுந்திருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்துதான் அதை அடக்க முடிந்தது என்றாலோ, திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும், பக்கவாதம், கட்டி, பழைய காயம், நாடாப்புழுக் கிருமியால் ஏற்பட்ட சுண்ணாம்புப் படிவு போன்ற ஏதேனும் ஒரு தழும்பு மூளையில் இருப்பது எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனில் தெரிபவர்களுக்கும் கவனம் கூடுதலாகத் தேவை.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன்மேல் பலரும் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கிறார்கள். மருந்தை நிறுத்துவதற்கு முன் எடுக்கும் ஈ.ஈ.ஜி.யில் வலிப்புக்குரிய அலைகள் தெரிந்தால், குறிப்பாகக் குழந்தைகளில், திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அது இயல்பாக இருப்பதால் நோய் போய்விட்டது என்று ஆகாது. அரை மணி நேரப் பதிவில் மூளை அமைதியாக இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. மருந்தும் அந்த அலைகளை மறைத்திருக்கலாம்.

ஒரு வலிப்பின் விலை ஆளுக்கு ஆள் வேறு

ஒரே அளவு ஆபத்து உள்ள இருவர் எதிரெதிரான முடிவுகளை எடுக்கலாம், இருவரின் முடிவும் சரியாக இருக்கலாம். வீட்டில் பெற்றோரின் கண்முன் இருக்கும் பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு வலிப்பு திரும்பினால் அது வருத்தம்தான், ஆனால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கும், உயரத்தில் ஏறியோ பெரும் இயந்திரங்களுக்கு அருகில் நின்றோ வேலை செய்பவருக்கும், தனியாக வசிப்பவருக்கும் அதே ஒரு வலிப்பு வேலையைப் பறிக்கலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். வாகனம் ஓட்டுவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில், மருந்தைக் குறைத்து நிறுத்தும் காலம் முழுவதும், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஆறு மாதங்களும் வண்டி ஓட்டக் கூடாது என்பது அங்குள்ள உரிம அமைப்பின் அறிவுரை. நிறுத்தத் தொடங்கும் முன்பே தம் நாட்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களில், பெரும்பாலும் உறக்கத்தில், எதிர்பாராத திடீர் மரணம் நிகழ்வதுண்டு. பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்பது மதிப்பீடு. முழு உடலும் இழுக்கும் பெரிய வலிப்புகள் அடிக்கடி வருபவர்களுக்கே அந்த ஆபத்து மிகுதி, வலிப்பு முற்றிலும் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மிகக் குறைவு. நிறுத்துவதை எதிர்ப்பதற்கு இதை ஒரு பூச்சாண்டியாகக் காட்டக் கூடாது, என்றாலும் முடிவெடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு. ஃபெனிட்டாயின் ஈறுகளை வீங்கச் செய்யலாம். ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால், கார்பமசெபின் ஆகியவற்றை நீண்டகாலம் எடுத்தால் எலும்பின் வலு குறையலாம். வால்ப்ரோயேட் உடல் எடையைக் கூட்டி முடியை உதிர்க்கலாம். லெவெடிராசிட்டம் சிலரை எரிச்சல் மிக்கவர்களாக்குகிறது. டோபிராமேட் எடுப்பவர்கள் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுவதுண்டு. பல ஆண்டுகளாக இவற்றுடனேயே வாழ்பவருக்கு, தம் மந்தநிலை தம் இயல்பா மருந்தின் விளைவா என்பதே தெரியாமல் போகிறது. நார்வேயில் 160 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வு இங்கே பொருந்தும். ஒரே மருந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வலிப்பின்றி இருந்தவர்களிடம், யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் தெரியாதபடி அது நடத்தப்பட்டது. ஓராண்டில் நிறுத்தியவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் தொடர்ந்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் வலிப்பு திரும்பியது. நினைவாற்றல், கவனம் போன்றவற்றை அளக்கும் சோதனைகள் அனைத்திலும் இயல்பான நிலையில் இருந்தவர்களின் பங்கு, மருந்தை நிறுத்தியபின் 11 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாக உயர்ந்தது.

கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் நூற்றில் ஏறத்தாழ பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 குழந்தைகளுக்கு மனவளர்ச்சி, கற்றல் சார்ந்த சிக்கல்களும் வரலாம். ஆனால் கருவுற்றது தெரிந்தவுடன் பதற்றத்தில் மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் சேர்ந்தே ஆபத்து. நிறுத்துவதோ வேறு மருந்துக்கு மாறுவதோ எதுவாயினும், கருத்தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே செய்து, விளைவைப் பார்த்துக்கொள்ள நேரம் விட வேண்டும்.

குறைக்கும் முறை

நிறுத்துவது என்று முடிவானால் அது மெதுவாகவே நடக்கும். பெரும்பாலான மருந்துகளைக் குறைந்தது இரண்டு மூன்று மாதங்களில், சில சமயம் அதற்கும் கூடுதலான காலத்தில், படிப்படியாகக் குறைப்பார்கள். ஃபீனோபார்பிட்டாலையும் க்ளோபசாம், க்ளோனசிபாம் வகையையும் இன்னும் மெதுவாக, ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு குறைப்பார்கள். இந்தப் பிந்தைய வகை மருந்துகளுக்கு உடல் பழகிவிடுவதால், திடீரென நிறுத்தினால் நோய் திரும்பாதவருக்கும் வலிப்பு வரலாம். அது அடங்காமல் தொடரவும் செய்யலாம். தொடக்கத்தில் எச்சரித்ததன் காரணம் இதுதான். இரண்டு மருந்துகள் எடுப்பவருக்கு முதலில் ஒன்றைக் குறைத்து முடித்து, சில காலம் பொறுத்திருந்தே அடுத்ததைத் தொடுவார்கள்.

இந்த மாதங்களில் உறக்கத்தைக் குறைக்கக் கூடாது, மது கூடாது; தனியாக நீந்துவதையும் உயரங்களில் ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். தேர்வு, பணிமாற்றம், திருமணம் போன்றவை நெருங்கும் காலத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று உடனிருப்பவர்கள் மறந்துபோயிருப்பார்கள், அதை அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டும்: தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை, ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வலிப்பு திரும்பினால் வழக்கமாகப் பழைய மருந்தையே மீண்டும் தொடங்குவார்கள். பிரிட்டன் ஆய்வில் வலிப்பு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் 95 விழுக்காட்டினர் குறைந்தது ஓராண்டாவது வலிப்பின்றிக் கழித்திருந்தனர். நிறுத்திப் பார்த்ததால் நோய் முன்பைவிட முற்றிவிடும் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை. சிலருக்கு மட்டும் பழைய கட்டுப்பாடு எளிதில் திரும்புவதில்லை. அவர்கள் சிறுபான்மையினரே என்றாலும், அந்த வாய்ப்பை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம், மாத்திரையைத் தொடர்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதுவும் ஆய்ந்து எடுத்த முடிவுதான். அதைக் கோழைத்தனம் என்று யாரும் கருத வேண்டியதில்லை. தொடர்வது என்றால் அதே மருந்தை அதே அளவில் தொடர வேண்டும் என்றும் இல்லை. அளவைச் சற்றுக் குறைக்க இயலுமா, பக்கவிளைவு குறைந்த மருந்துக்கு மாறலாமா, எலும்பின் வலுவையும் இரத்தச் சோடியத்தையும் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். நிறுத்தியவர்களைப் பொறுத்தவரை, சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2014-இல் ஒரு வரையறை தந்தது. கடைசிப் பத்து ஆண்டுகள் வலிப்பின்றியும், அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் மருந்தின்றியும் கழிந்திருந்தால், அல்லது குறிப்பிட்ட வயதில் மட்டும் வரும் வகை வலிப்புக்குரிய வயதைக் கடந்துவிட்டிருந்தால், அவருடைய வலிப்பு நோய் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். அந்த வரையறையிலும், இனி ஒருபோதும் வராது என்ற உறுதி தரப்படவில்லை.